'அம்மோனியா இல்லை' என்றால் அலர்ஜியும் வராதா? ஹேர் டை போடும் முன் பார்லர் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

சனிக்கிழமை மாலை 6 மணி. மறுநாள் காலை தங்கைக்கு நிச்சயதார்த்தம். ஐ.டி. நிறுவனத்தில் வேலை பார்க்கும் 32 வயதுப் பெண் ஒருவர் பார்லர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

"அக்கா, போன தடவை டை போட்டப்போ காதோரம் லேசா அரிச்சுது. ரெண்டு நாள்ல சரியாயிடுச்சு. இந்த வாட்டி அம்மோனியா இல்லாததா பார்த்துப் போடுங்க."

பார்லர்காரர் புது டப்பா ஒன்றை எடுத்துக் காட்டுகிறார். "இது ஹெர்பல்தான் மேடம். அம்மோனியா ஃப்ரீ. ஒண்ணும் ஆகாது."

தமிழகத்தின் எந்த ஊர் பார்லரிலும் நடக்கக்கூடிய உரையாடல் இது. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. டப்பா மேல் அச்சிட்டிருப்பதை இரண்டு பேருமே நம்புகிறார்கள். ஆனால் ஞாயிறு இரவோ திங்கள் காலையோ அந்தப் பெண் கண் இமை வீங்கி, நெற்றியில் தடிப்போடு கண்ணாடி முன்னால் நிற்கக் கூடும். அப்போது பார்லர்காரர் மேல் பழி வரும். வாடிக்கையாளருக்கு உடம்பு கெடும். இரண்டு பேருக்கும் நஷ்டம்.

இதைத் தடுக்கும் வழி சிக்கலானது அல்ல. "லேசா அரிச்சுது" என்ற அந்த வார்த்தையைக் காதில் வாங்கிக்கொண்டு, "அப்படின்னா இன்னைக்கு டை வேண்டாம் மேடம்" என்று சொல்வதுதான் அது. இப்படிச் சொல்லும் பார்லர்கள் குறைவு. சொன்னால் கோபப்படாத வாடிக்கையாளர்கள் அதைவிடக் குறைவு.

அரிப்புக்குக் காரணம் யார்?

பெரும்பாலானவர்கள் சந்தேகப்படுவது அம்மோனியாவை. அதன் நெடி மூக்கைத் துளைப்பதால் கெட்ட பெயர் முழுக்க அதற்கே போய்விட்டது. உண்மையில் ஹேர் டை அலர்ஜியில் முதல் சந்தேகம் பி.பி.டி. மீதுதான் விழ வேண்டும். முழுப்பெயர் பாரா-ஃபீனைலீன்டையமீன்.

நிரந்தரமாக நிற்கும் கருப்பு, அடர் பழுப்பு டைகளில் பெரும்பாலானவை வேலை செய்யும் விதம் ஒன்றுதான். அம்மோனியா அல்லது அதுபோன்ற காரப் பொருள் முடியின் வெளி அடுக்கைத் திறந்துவிடும். பி.பி.டி. போன்ற சின்ன மூலக்கூறுகள் உள்ளே போகும். டெவலப்பரில் இருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு அவற்றோடு வினை புரியும். சின்ன மூலக்கூறுகள் ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டு பெரிய நிற மூலக்கூறுகளாகி, முடிக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். அதனால்தான் எத்தனை தடவை ஷாம்பூ போட்டாலும் நிறம் எளிதில் போவதில்லை.

பிரச்சினை, அந்தச் சின்ன மூலக்கூறு முடிக்குள் மட்டும் போவதில்லை என்பதுதான். தோலுக்குள்ளும் இறங்கும். சிலருடைய நோய் எதிர்ப்பு மண்டலம் அதை எதிரி என்று குறித்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறை வரும்போது தாக்கும்.

அமெரிக்காவின் தொடர்பு ஒவ்வாமை தோல் மருத்துவச் சங்கம் 2006-ல் 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று அறிவித்தது பி.பி.டி.யைத்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் தலையில் போடும் நிலையில் அதன் அளவு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அலர்ஜி வரலாம், 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இது ஏற்றதல்ல என்ற எச்சரிக்கையும் டப்பாவில் இருக்க வேண்டும்.

"பத்து வருஷமா போடுறேன், எனக்கு ஒண்ணும் ஆனதில்ல"

பார்லர்களில் அடிக்கடி கேட்கும் வாதம் இது. கேட்கச் சரியாகத்தான் தோன்றும். ஆனால் இந்த அலர்ஜி வரும் வழியே வேறு.

இது பெரும்பாலும் முதல் தடவை வருவதில்லை. உடம்பு முதலில் அந்தப் பொருளை அடையாளம் கண்டு பழக வேண்டும். அதற்குச் சில மாதங்களும் ஆகலாம், பல வருடங்களும் ஆகலாம். அந்தக் காலம் முழுக்க வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. ஒருநாள் லேசான அரிப்பு வரும். அடுத்த முறை தடிப்பு, அதற்கடுத்த முறை வீக்கம் என்று ஏறிக்கொண்டே போகலாம். ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுக்கக் கூடவே இருக்கும். நடுவில் 5 வருடம் டை போடாமல் இருந்தாலும் உடம்பு மறப்பதில்லை.

எனவே பத்து வருடம் ஒன்றும் ஆகாதது, பதினோராவது வருடத்துக்கு உத்தரவாதம் அல்ல.

இந்த அலர்ஜி உடனேயும் வராது. டை போட்டு முடித்து, வீட்டுக்குப் போய், தூங்கி எழுந்த பிறகு, அதாவது 1 முதல் 3 நாட்களுக்குள்தான் பொதுவாகத் தலைகாட்டும். அதனால் பலரும் டையைச் சந்தேகிப்பதே இல்லை. "நேத்து சாப்பிட்ட இறால்தான் சேரல" என்று நினைத்துக்கொள்வார்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. தலையில்தான் டை போட்டோம், ஆனால் கண் இமை ஏன் வீங்குகிறது? தலைத் தோல் தடிமனானது. இமை, காது மடல், கழுத்து ஆகிய இடங்களில் தோல் மென்மையானது. கழுவும்போது வழியும் சாயம் அங்கேதான் முதலில் வேலையைக் காட்டும்.

எரிச்சல் வேறு, அலர்ஜி வேறு

டை தலையில் இருக்கும்போதே சுரீர் என்று எரிந்து, கழுவியதும் அடங்கிவிட்டால் அது பெரும்பாலும் எரிச்சல். அம்மோனியா, பெராக்சைடு போன்றவை காரணமாக இருக்கலாம். தலையில் சொறிந்த புண் இருந்தாலோ, அன்று காலையில்தான் அழுத்தித் தேய்த்துக் குளித்திருந்தாலோ இது வரும்.

அலர்ஜி என்றால் அரிப்புதான் முதலில் நிற்கும். மெதுவாக வரும், நாள் கணக்கில் நீடிக்கும், டை படாத இடத்துக்கும் பரவும். சிலருக்கு வீக்கம் அடங்கிய பிறகும் முகத்திலும் கழுத்திலும் கருமை தங்கிவிடுவது உண்டு. அரிதாகச் சிலருக்கு உடனடியாக மூச்சுத் திணறல் வரை போகலாம்.

'அம்மோனியா ஃப்ரீ' டை முதல் வகைக்காரர்களுக்கு ஓரளவு நிம்மதி தரலாம். இரண்டாம் வகைக்காரர்களுக்கு அதனால் பயனில்லை. அம்மோனியாவை எடுத்துவிட்டு வேறொரு காரப் பொருளை வைத்திருப்பார்கள். பி.பி.டி. அப்படியே இருக்கலாம்.

டப்பாவின் முன்பக்கம் சொல்லாதது

'ஹெர்பல்' என்ற வார்த்தைக்கும் இதே கதைதான். நெல்லிக்காய், கரிசலாங்கண்ணி படங்கள் அட்டையில் இருக்கலாம். அவை உள்ளேயும் இருக்கலாம். கூடவே பி.பி.டி.யும் இருக்கலாம்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. வெறும் மருதாணி ஒருபோதும் முடியைக் கருப்பாக்காது. அதன் இயற்கை நிறம் செம்மஞ்சள்தான். 'மருதாணி' என்ற பெயரில் விற்கும் பொடியைத் தண்ணீரில் கரைத்துப் பூசி அரை மணி நேரத்தில் நரை கன்னங்கரேல் என்று ஆகிவிட்டால், அந்த வேலையை மருதாணி செய்யவில்லை. பொருள் பட்டியலைத் திருப்பிப் பார்க்க வேண்டும். 'டையமீன்' என்று முடியும் பெயர் இருந்தால் அது ரசாயன டைதான். 'பி.பி.டி. ஃப்ரீ' என்று எழுதிய சில டப்பாக்களில் டொலுவீன்-2,5-டையமீன் இருக்கும். பி.பி.டி.யின் நெருங்கிய உறவுக்காரர் இது. ஒன்று சேராதவர்களில் பலருக்கு மற்றொன்றும் சேராது.

கல்யாண வீடுகளிலும் பொருட்காட்சிகளிலும் கையில் போடும் 'கருப்பு மெஹந்தி'யும் இந்தக் கணக்கில் வரும். சீக்கிரம் கருக்க வேண்டும் என்பதற்காக அதில் பி.பி.டி. கலப்பது உலகம் முழுக்க நடக்கிறது. சில நேரம் ஹேர் டையில் இருப்பதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஐரோப்பாவில் ஹேர் டை டப்பா மேலேயே, கருப்பு மெஹந்தி டாட்டூ போட்டவர்களுக்கு அலர்ஜி அபாயம் அதிகம் என்று எழுத வேண்டும். பள்ளி வயதில் கையில் போட்ட டிசைன், 25 வயதில் முதல் தடவை டை போடும்போது தலையில் பதில் சொல்லக்கூடும்.

சட்டம் சொல்கிறது, பார்லருக்குள் போய்ச் சேரவில்லை

முதலில் சின்னதாக டெஸ்ட் செய்து பார் என்பது மேல்நாட்டு ஆடம்பரம் அல்ல. இந்திய அழகுசாதன விதிகளே அதைத்தான் சொல்கின்றன. ஹேர் டையின் லேபிளில் ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் எச்சரிக்கை இருக்க வேண்டும். காதின் பின்புறமோ முன்கையின் உட்புறமோ சிறிதளவு பூசி, 24 மணி நேரம் விட்டுப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறை போடும் முன்னும் இதைச் செய்ய வேண்டும். புருவத்துக்கும் இமை முடிக்கும் கூடவே கூடாது, பார்வையே போகலாம். இவ்வளவும் பாக்கெட்டோடு வரும் குறிப்பில் இருக்கும். பல நிறுவனங்கள் 48 மணி நேரம் காத்திருக்கச் சொல்கின்றன. தாமதமாக வரும் அலர்ஜி என்பதால் 48 மணி நேரமே பாதுகாப்பானது.

ஆனால் அந்தக் குறிப்பை யார் படிக்கிறார்கள்? வீட்டில் போடுபவராவது டப்பாவைப் பிரிக்கிறார். பார்லரில் டப்பாவைப் பிரிப்பவர் ஒருவர், தலையைக் கொடுப்பவர் இன்னொருவர். வாடிக்கையாளர் கண்ணில் லேபிளே படுவதில்லை. கிண்ணத்தில் கலக்கிய பேஸ்ட்தான் படுகிறது. எச்சரிக்கை குப்பைத் தொட்டிக்குப் போய்விடுகிறது.

பார்லர்காரர்களை மட்டும் குறை சொல்வதும் நியாயம் இல்லை. நாற்காலியில் வந்து உட்கார்ந்தவரை "ரெண்டு நாள் கழிச்சு வாங்க" என்று அனுப்பினால், அவர் நேராக எதிர்க்கடைக்குப் போவார். வாடகை, கரன்ட் பில், ஆள் சம்பளம் எல்லாம் அன்றாடம் வரும் தலைகளை நம்பித்தான் ஓடுகின்றன. வேலை செய்யும் பெண்ணுக்கோ, முதலாளியைக் கேட்காமல் மறுக்கும் அதிகாரமே கிடையாது. டெஸ்ட் கேட்பது ஒரு பார்லரின் தனிப்பட்ட கெடுபிடியாகத் தெரிகிற வரை, கேட்கிற பார்லர்தான் நஷ்டப்படும். எல்லோரும் கேட்டால் மட்டுமே அது வழக்கமாகும்.

இதற்குப் பெரிய செலவும் இல்லை. காதோரம் பட்டாணி அளவு பேஸ்ட் வைக்க 2 நிமிடம் போதும். 48 மணி நேரம் கழித்து அந்த இடத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லலாம். பெயர், தேதி, ஷேட், அரிப்பு உண்டா இல்லையா என்று ஒரு நோட்டில் நான்கு வரி எழுதி வைக்கலாம். வாடிக்கையாளர் பக்கம் இன்னும் எளிது. ஞாயிற்றுக்கிழமை விசேஷம் என்றால் புதன்கிழமையே பார்லருக்குப் போய்விட வேண்டும். பிளவுஸ் தைக்கக் கொடுக்க இரண்டு வாரம் முன்னாடியே போகிறவர்கள், தலைக்கு நான்கு நாள் முன்னாடி போகக் கூடாதா?

ஏற்கெனவே அரித்தவர்களுக்கு டெஸ்ட் கூடாது

இங்கே ஒரு முக்கியமான திருத்தம். சனிக்கிழமை வந்த அந்தப் பெண்ணுக்கு பேட்ச் டெஸ்ட் செய்யவே கூடாது. அவர் ஏற்கெனவே டெஸ்ட் எடுத்துவிட்டார். காதோரம் அரித்து இரண்டு நாள் நீடித்ததுதான் ரிசல்ட்.

அவர் போக வேண்டிய இடம் தோல் மருத்துவர். அங்கே முதுகில் பல பொருட்களைச் சிறு அளவில் ஒட்டி, 2 நாள் கழித்து எடுத்து, அதன் பிறகும் ஓரிரு நாள் பார்த்து, எது சேரவில்லை என்று சொல்வார்கள். இந்தியத் தோல் மருத்துவர்கள் பயன்படுத்தும் அடிப்படைப் பட்டியலில் பி.பி.டி. உண்டு. இந்த ரிசல்ட் தலைமுடிக்கு மட்டுமல்ல. பென்சோகெயின் போன்ற மரத்துப்போகும் மருந்துகள், சில துணிச் சாயங்கள் ஆகியவையும் பி.பி.டி. அலர்ஜிக்காரர்களில் சிலருக்குச் சேராமல் போகலாம்.

பேட்ச் டெஸ்ட் நூற்றுக்கு நூறு சரியான வழி என்றும் சொல்ல முடியாது. பூசும் அளவு, நேரம், இடம் மாறினால் அலர்ஜி உள்ளவருக்கும் ஒன்றும் தெரியாமல் போகலாம். ஆனால் சீட் பெல்ட் போட்டவருக்கும் அடிபடுவது உண்டு என்பதற்காக யாரும் அதைக் கழற்றி எறிவதில்லை.

அப்படியென்றால் நரையோடுதான் இருக்கணுமா?

மறுப்பதோடு பார்லரின் வேலை முடிந்துவிடாது. வேறு வழி காட்டினால்தான் வாடிக்கையாளர் திரும்பி வருவார்.

மருதாணி, அவுரி: முதலில் சுத்தமான மருதாணி. சில மணி நேரம் விட்டு அலசிய பிறகு அவுரிப் பொடி. இரண்டும் சேர்ந்தால் அடர் பழுப்பு முதல் கருப்பு வரை கிடைக்கும். அவுரி, சாயத்துக்காகத் திண்டிவனம் வட்டாரத்தில் பயிராகும் நம்ம ஊர்ச் செடிதான். பொருள் பட்டியலில் இந்த இரண்டு இலைகளைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. அரை நாள் போகும். நிறம் முழுதாகத் தெரிய ஓரிரு நாள் ஆகும். அரிதாக இலைப் பொடியும் சிலருக்குச் சேராது என்பதால், இதற்கும் காதோர டெஸ்ட் தேவை.

ஒருநாள் பூச்சு: வகிட்டில் தெரியும் நரையை மட்டும் மறைக்கும் பவுடர், ஸ்டிக் வகைகள் உண்டு. இரும்பு ஆக்சைடு நிறமிகளால் ஆனவை முடியின் மேலேயே ஒட்டிக்கொண்டு, ஷாம்பூ போட்டால் போய்விடும். நாளைக்கே நிச்சயதார்த்தம் என்பவருக்கு உடனடிப் பதில் இதுதான்.

ஃபாயில் ஹைலைட்ஸ்: தலைத் தோலில் படாமல் முடியை மட்டும் பிளீச் செய்யும் முறை. பிளீச்சில் பி.பி.டி. கிடையாது. ஆனால் அதிலிருக்கும் பெர்சல்பேட்டும் சிலருக்குச் சேராது. பிளீச்சுக்குப் பிறகு போடும் டோனரில் டையமீன் வகைச் சாயம் இருக்கலாம். அதைப் பார்க்காமல் "தோல்லயே படாது" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது.

புதுவகை டைகள்: அலர்ஜி ஏற்படுத்தும் தன்மை குறைவான சாயங்களும் வந்திருக்கின்றன. ஏற்கெனவே அலர்ஜி உள்ளவர்களில் சிலருக்கு அவை ஒத்துப்போகின்றன, சிலருக்கு இல்லை. மருத்துவர் பார்த்துச் சொல்லாமல் தொடக் கூடாது.

கடைசியாக, நரையை அப்படியே விடுவதும் ஒரு வழிதான். 2011-ல் வந்த 'மங்காத்தா'வில் அஜித் நரைத்த தலையோடு வந்தபோது தியேட்டர் கொண்டாடியது. அதே நரையோடு 32 வயதுப் பெண் ஆபீஸுக்குப் போனால் "உடம்பு சரியில்லையா?" என்று கேட்கிறார்கள். அரித்தாலும் பரவாயில்லை என்று திரும்பத் திரும்ப டை போடுவதற்குப் பின்னால் இந்தக் கேள்வியும் இருக்கிறது.

கையுறைக்குள் இருக்கும் கை

வாடிக்கையாளர் 2 மாதத்துக்கு ஒருமுறை டையைத் தொடுகிறார். பார்லரில் வேலை செய்பவர் தினமும் தொடுகிறார். பூசும்போது கையுறை போடும் பலர், அலசும்போது கழற்றிவிடுகிறார்கள். விரல் இடுக்கில் வெடிப்பு, அரிப்பு என்று ஆரம்பித்து, இந்தத் தொழிலையே விட வேண்டிய நிலைக்கு வந்தவர்கள் உலகம் முழுக்க உண்டு. டப்பாவோடு வரும் மெல்லிய பிளாஸ்டிக் உறை போதாது. நைட்ரைல் கையுறை வேண்டும். அலசி முடிக்கும் வரை கழற்றக் கூடாது. கழுவி மறுபடி மாட்டவும் கூடாது. அதை வாங்கித் தருவது முதலாளியின் பொறுப்பு.

ஒருவேளை வந்துவிட்டால்?

மிதமான ஷாம்பூவும் நிறையத் தண்ணீரும் விட்டு நன்றாக அலச வேண்டும். மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பை முகத்தில் தடவுவது புதுப் பிரச்சினையைக் கொண்டுவரும். தோல் மருத்துவரைப் பார்ப்பதே சரி. முகமோ நாக்கோ வேகமாக வீங்கினாலும், மூச்சு விடச் சிரமமாக இருந்தாலும் காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். டை டப்பாவைப் படம் எடுத்து வைத்துக்கொள்வது மருத்துவருக்கு உதவும்.

மறுபடியும் அந்தச் சனிக்கிழமை மாலைக்கு வருவோம். "காதோரம் லேசா அரிச்சுது" என்று வாடிக்கையாளர் சொன்னதும் பார்லர்காரர் கிண்ணத்தைக் கீழே வைத்திருக்க வேண்டும். "மேடம், அது அலர்ஜியா இருக்கலாம். இன்னைக்கு டை வேண்டாம். வகிட்டுக்கு மட்டும் பவுடர் போட்டுவிடுறேன், நாளைக்கு போட்டோவுல தெரியாது. அடுத்த வாரம் ஸ்கின் டாக்டரைப் பார்த்துட்டு வாங்க, அப்புறம் என்ன போடலாம்னு முடிவு பண்ணலாம்."

அன்றைக்கு டைக்கான காசு பார்லருக்கு வராது. ஆனால் நிச்சயதார்த்த போட்டோவில் அந்தப் பெண் வீங்காத கண்ணோடு சிரித்துக்கொண்டிருப்பார். அடுத்த தடவை முடி வெட்ட அதே பார்லருக்குத்தான் வருவார், ஒருவேளை தங்கையையும் கூட்டிக்கொண்டு.